ஜரிகை சுற்றிய ஃபியூஸ்

1. எதிர்க்கடை

என் கடைக்கு நேர் எதிரே சாமுவேல் போர்டு மாட்டிய அன்று நான் ஒரு டிராக்டர் டைனமோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலத்துக்குள் கட்டிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். கொடுக்கவில்லை. எதிரே ஏணி போட்டு அவர்கள் ஏறுவதையும் இறங்குவதையுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘ஆட்டோ எலக்ட்ரிகல்ஸ்’ என்று சிவப்பிலும் நீலத்திலும் எழுதி, ஓரத்தில் சின்னதாக ஒரு சிலுவை போட்டிருந்தான். என் கடைக்குப் போர்டே கிடையாது. ஆரணியில் வந்தவாசி ரோட்டில் கோதண்டம் கடை என்றால் யாரும் கைகாட்டுவார்கள், போர்டு எதற்கு என்று இருந்தவன் நான். அன்றைக்குத்தான் என் கடையின் தகரக் கதவை நானே சரியாகப் பார்த்தேன். துரு ஏறியிருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகள் படிப்பதற்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று எங்கள் சங்கத்தில் கேட்டிருக்கிறார்கள். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் பற்றியெல்லாம் எழுதப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் ஒரு பழைய வேனின் மீட்டர் லைட்டைப் பற்றியும் என் பொறாமையைப் பற்றியும் எழுதுகிறேன். இரண்டையும் பிரித்து எழுத எனக்கு வராது.

தொண்ணூறுகளின் கடைசி அது. சாமுவேல் வந்தவாசிப் பக்கத்துப் பையன். மெட்ராஸில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தான். சட்டையை இன் பண்ணிக்கொண்டு வேலை செய்வான். பொழுது சாய்ந்தாலும் அந்தச் சட்டையில் ஒரு கிரீஸ் கறை இருக்காது. அது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவனிடம் டிஜிட்டல் மீட்டர் இருந்தது. ஒயரின் இரண்டு முனையிலும் வைத்தால், உள்ளே அறுபடாமல் இருந்தால் ‘பீ’ என்று கத்தும். என்னிடம் இருந்தது டெஸ்ட் லேம்ப். ஒரு பல்பு, இரண்டு ஒயர், ஒரு கிளிப், அவ்வளவுதான். கரண்ட் வந்தால் எரியும், வராவிட்டால் எரியாது. அதை வைத்துத்தான் நான் குடும்பம் நடத்தினேன். ஆனாலும் அந்த ‘பீ’ சத்தம் ரோட்டைத் தாண்டி வந்து காதில் விழும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி சரசு எதிர்க்கடையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அந்தப் புள்ள எவ்ளோ சுத்தமா கீறான் பாரு” என்றாள்.

“சோத்த வச்சிட்டுப் போ” என்றேன்.

2. தட்டினால் எரியும் லைட்டு

ஏகாம்பரம் முதலாளி பட்டு வியாபாரி. தறிக்காரர்களுக்குப் பாவு நூலும் ஜரிகையும் கொடுத்து, நெய்து வரும் புடவைகளைக் காஞ்சிபுரத்துக் கடைகளுக்கு அனுப்புகிறவர். அதற்கென்று ஒரு பழைய டீசல் வேன் வைத்திருந்தார். அந்த வேன் என் கையில்தான் இருந்தது. ஹாரன் மாற்றுவது முதல் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது வரை எல்லாம் நான்தான்.

ஒரு வேன்தானே என்று நினைக்காதீர்கள். எங்கள் ஊர்ப் பட்டு வியாபாரிகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் நடப்பவர்கள். ஏகாம்பரத்தின் வண்டி எந்தக் கடை வாசலில் நிற்கிறதோ, அங்கேதான் மற்ற பட்டு வண்டிகளும் வந்து நிற்கும். அது போக, அந்த வருஷம் பொங்கல் கழித்து அவரே என்னிடம் சொல்லியிருந்தார்.

“வர்ற தீபாவளிக்கு இன்னும் ரெண்டு வண்டி எடுக்கறேன் கோதண்டம். கரண்டு வேலை எல்லாம் ஒரே ஆள் கையில இருக்கணும்.”

அந்த ஒரே ஆள் நான்தான் என்று வீட்டில் சொல்லி வைத்துவிட்டேன். தெருவிலும் சொல்லி வைத்துவிட்டேன்.

வைகாசியில், கல்யாண சீசன் மும்முரத்தில், டிரைவர் பெருமாள் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

“மீட்டர் லைட்டு தட்டுனா எரியுதுண்ணா. தட்டலன்னா அவிஞ்சிடுது. பள்ளத்துல எறங்கி ஏறுனா போவுது, வருது. ராத்திரில டேஷ்போர்ட தட்டிகினே ஓட்டறேன்.”

மீட்டர் போர்டைக் கழற்றினேன். பல்பு ஹோல்டர்களை எமரிப் பேப்பர் போட்டுத் தேய்த்தேன். பழைய வண்டியில் மீட்டர் லைட்டு மினுக்கினால் முதலில் எர்த்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். புது எர்த் ஒயர் இழுத்து பாடியில் முடுக்கினேன். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் திருகைக் கழற்றிவிட்டு நேராக கனெக்‌ஷன் கொடுத்தேன். கடைசியில் ஃபியூஸ் பாக்ஸ். அது டிரைவர் முழங்காலுக்குப் பக்கத்தில் இருட்டுக்குள் இருக்கும். அந்தக் காலத்து வண்டிகளில் பீங்கான் ஃபியூஸ். வெள்ளையாகச் சின்னக் குச்சி, அதன் மேல் வெளியே தெரிகிற மாதிரி ஒரு மெல்லிய செம்புப் பட்டை. பட்டை அறுந்திருந்தால் ஃபியூஸ் போய்விட்டது என்று அர்த்தம். டார்ச் அடித்துப் பார்த்தேன். எல்லாம் மின்னியது. மூடிவிட்டேன்.

கடையில் லைட்டு ஜம்மென்று எரிந்தது. அடுத்த வாரம் வண்டி திரும்பி வந்தது. பல்பையெல்லாம் மாற்றினேன். திரும்பவும் வந்தது. இந்த முறை முதலாளியே கூட வந்தார்.

“இன்னா கோதண்டம், ஒரே பேஜாரா கீது. இருட்டுனா ஸ்பீடும் தெரியல, டெம்பரேச்சரும் தெரியல. பின்னாடி லைட்டும் சேந்து அவிஞ்சிடுது. எவனாவது லாரிக்காரன் வந்து ஏத்துனா யாரு பொறுப்பு?”

“பழைய வண்டிங்க முதலாளி. ஒயரிங் மொத்தமா மாத்திட்டா நல்லது” என்றேன். பழுது பிடிபடாத எலக்ட்ரீஷியன் எல்லோரும் சொல்கிற பதில் அது. நாங்கள் சொல்கிறோம், ஜனங்களும் பாவம் நம்புகிறார்கள்.

ஏகாம்பரம் நம்பவில்லை. மறுநாள் காலையில் நான் கதவைத் தூக்கும்போது அந்த வேன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது.

3. அவன் என்ன பார்த்தான்

சாமுவேல் டேஷ்போர்டுக்குக் கீழே குனிந்தான். ஒரு ‘பீ’ கேட்டது. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு பின்பக்கம் போய் டெயில் லைட்டைக் கழற்றிப் பார்த்தான், வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்தான். எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னான். பெருமாள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. வண்டி போய்விட்டது. அதற்கப்புறம் அந்த லைட்டு மினுக்கவே இல்லை.

எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் மூன்று தரம் பிரித்துப் பார்த்த வண்டியில் அவன் ஒரு டீ நேரத்தில் என்னத்தைப் பார்த்தான்? வண்டி கைவிட்டுப் போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்பதுதான் குடைந்தது.

பெருமாளைக் கேட்டேன். “நான் டீ குடிக்கப் போய்ட்டேன்ணா” என்றான். முதலாளியைக் கடைத்தெருவில் பார்த்து, சும்மா பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரி கேட்டேன். “ஏதோ லூஸ் காண்டாக்டாம்” என்று சொல்லிவிட்டு நடந்தார். லூஸ் காண்டாக்ட் எங்கே? எந்த முனையில்? ஒரு நாள் வேன் அவர் வீட்டு வாசலில் தனியாக நிற்பதைப் பார்த்து, கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டேன். பெருமாள் வந்துவிட்டான்.

“இன்னாண்ணா தேடற?”

“ஸ்குரூ டிரைவர் இங்க விட்டுட்டேன் போல.”

“அது உன் பாக்கெட்லயே கீதே” என்றான்.

சரசு ஒரு வழி சொன்னாள். “இவ்ளோ மண்டைய ஒடச்சிக்கறதுக்கு, அந்தப் புள்ளையவே போய்க் கேட்டுட்டு வந்தா இன்னா?”

“அதுக்குக் கடைய இழுத்து மூடிடலாம்.”

ஆனி முடிவதற்குள் இன்னும் இரண்டு பட்டு வண்டிகள் எதிர்ப்பக்கம் போய்விட்டன. கோயிலைத் தாண்டும்போதெல்லாம் ஏகாம்பரத்தின் வேன் லைட்டு அணைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். விளக்கு எரிய வேண்டும் என்று வேண்டுகிறவர்கள் உண்டு. அணைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆடி முழுக்க அது நன்றாகவே எரிந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது, வேன் பாதி காலியாகத்தான் போய்வந்தது. அதற்கும் லைட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

4. லோடு வண்டி

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. சாமுவேல் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்க மாட்டான், சர்ச்சுக்குப் போய்விடுவான். எனக்கு அன்றைக்கு ஒரு ஆட்டோ வேலை இருந்தது. சாயங்காலம் ஏகாம்பரத்தின் வேன் என் வாசலில் வந்து நின்றது. உள்ளே கூரை முட்ட லோடு. காஞ்சிபுரத்துக்குப் போகும் புடவைக் கட்டுகள், சாயத்துக்குப் போகும் நூல் மூட்டைகள், வண்டிக் கூரை மேலே லோடு ஏற்றும் ஆட்கள் இரண்டு பேர். மீட்டர் லைட்டும் டெயில் லைட்டும் சுத்தமாக இல்லை. தட்டினாலும் இல்லை.

“இருட்டறதுக்குள்ள அனுப்பணும் கோதண்டம். ராத்திரியே சரக்கு கடைல எறங்கணும். ஜல்தியா பாரு” என்றார் முதலாளி. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

ஃபியூஸ் பாக்ஸ் மூடியைத் திறந்ததும் கருகின வாசனை வந்தது. ஒயர் கருகின வாசனை இல்லை. தலைமுடி பொசுங்குகிற வாசனை. மீட்டர் லைட்டுக்கும் டெயில் லைட்டுக்கும் சேர்ந்த ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பீங்கான் குச்சி மேல் செம்புப் பட்டையே இல்லை. அதற்குப் பதிலாக ஜரிகை நூல் சுற்றியிருந்தது. நடுவில் கருகி, இரண்டு ஓரத்திலும் தங்க நிறமாக மின்னிக்கொண்டிருந்தது.

“இது யாரு சுத்துனது?” என்றேன்.

பெருமாள் தரையைப் பார்த்தான். முதலாளி கொஞ்சங்கூடக் கூச்சப்படாமல் சொன்னார். “நான்தான். வைகாசில சந்தவாசல்கிட்ட வர்றப்போ ஃபியூஸ் போச்சு. கையில ஜரிகை இருந்துச்சு, சுத்தனேன், எரிஞ்சுது. வூட்ல ஃபியூஸ் போனாலும் அதான் சுத்துவேன். அசல் ஜரிகை. வெள்ளிய விட நல்லா கரண்ட இழுத்துகினு போறது எதுனா கீதா? அந்தப் பையன் புதுசு போட்டான், அது காலைல லோடு ஏத்துனதும் போயிடுச்சு. நான் மூணு தரம் சுத்திட்டேன். எரிஞ்சி எரிஞ்சி போவுது.”

வெள்ளியைப் பற்றி அவர் சொன்னது சரிதான். ஆனால் ஜரிகையில் தங்க முலாம் பூசிய வெள்ளி மேலே மெல்லியதாகச் சுற்றியிருக்கும், உள்ளே இருப்பது பட்டு நூல். இறுக்கிக் கட்டினாலும் அமுங்கும், வண்டி குலுங்கினால் விட்டு விட்டுத் தொடும். தட்டினால் எரிந்தது அதனால்தான். நான் டார்ச் அடித்து, மின்னுகிறது, சரியாக இருக்கிறது என்று மூடியது இதைத்தான். சாமுவேல் அன்றைக்குப் பார்த்ததும் இதைத்தான். அவன் கண்ணால் பார்த்ததோடு விடாமல் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்திருக்கிறான். ஒரு தரம் ‘பீ’ என்று கத்திவிட்டு அது நின்றுபோனது அதனால்தான்.

இவ்வளவுதானா என்று எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. ஆனால் ஜரிகை பழுது இல்லை. ஜரிகை சுற்றும்படி ஃபியூஸை முதலில் எரித்தது எதுவோ, அதுதான் பழுது. புது ஃபியூஸ் போட்டேன். சுவிட்சைப் போட்டதும் பட்டென்று போனது. எங்கேயோ ஷார்ட். அதை அவனும் பிடிக்கவில்லை என்று புரிந்ததும் எனக்குக் கை பரபரத்தது.

ஃபியூஸ் இருக்கும் இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டினேன். ஷார்ட் இருக்கும்வரை பல்பு பளீரென்று எரியும். ஷார்ட் விலகினால் மங்கிவிடும். பளீரென்று எரிந்தது. ஒயரை ஒவ்வொரு இடமாக ஆட்டிப் பார்த்தேன். மங்கவில்லை. அப்போது மேலே உட்கார்ந்திருந்த ஆள் டீ குடிக்கலாம் என்று குதித்து இறங்கினான். பல்பு ஒரு கணம் மினுக்கியது.

“மூட்டைய எறக்குங்க. ஒண்ணொண்ணா” என்றேன்.

“இந்நேரத்துல எறக்கறதா?” என்றார் முதலாளி.

“எறக்கலன்னா வண்டி போவாதுங்க.”

இறக்கினார்கள். இடது பக்கம் பின்சக்கரத்துக்கு மேலே இருந்த நூல் மூட்டையைத் தூக்கியதும் பல்பு மங்கியது. திரும்ப வைக்கச் சொன்னேன், பளீர். தூக்கச் சொன்னேன், மங்கல். சித்திரையில் புடவைக் கட்டில் துரு படாமல் இருக்க முதலாளி வண்டிக்குள் பலகை அடித்திருந்தார். கார்பெண்டர் நீள ஆணியாக அடித்துவிட்டான். ஆணியின் முனை பலகையைத் தாண்டி, அடியில் போகும் டெயில் லைட் ஒயர் மேல் உட்கார்ந்திருந்தது. முதலில் எப்போதாவதுதான் குத்தியிருக்கும்; ஒயரின் தோல் கிழியக் கிழிய, லோடு ஏறினாலே பலகை அமுங்கி ஆணி ஒயரைக் குத்தித் தகரத்தைத் தொடும். லோடு இறங்கினால் விலகிவிடும். ஒர்க்‌ஷாப்புக்கு எவன் லோடோடு வண்டி கொண்டுவருவான்? காலி வண்டியில் நானும் பார்த்தேன், சாமுவேலும் பார்த்தான். இரண்டு பேருக்கும் ஒன்றும் கிடைத்திருக்காது.

ஆணியை வெட்டி, ஒயரை வேறு பக்கம் திருப்பி, புது ஃபியூஸ் போட்டேன். லோடு முழுக்க ஏற்றிய பிறகு சுவிட்சைப் போட்டேன். மீட்டர் போர்டு முழுக்க எரிந்தது. பக்கத்து டீக்கடையிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை மாதம் நான் வெந்த வேக்காடு எல்லாம் அன்றைக்குச் சிரிப்பாக வந்தது. கருகின ஜரிகை ஃபியூஸை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தேன்.

“இன்னா முதலாளி, வண்டிக்கும் முகூர்த்தப் பட்டு கட்டி வுட்டுட்டீங்களா?”

டீக்கடையே சிரித்தது. லோடு ஆட்கள் சிரித்தார்கள். பெருமாள்கூட வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினான். முதலாளி சிரிக்கவில்லை.

“லைட்டு எரியுதில்ல? வண்டிய எடு பெருமாளு” என்றார்.

5. இரண்டு புது வேன்

தீபாவளிக்கு முந்தின வாரம் இரண்டு புது வேன்கள் மாலை போட்டுக்கொண்டு வந்தவாசி ரோட்டில் வந்தன. நான் எழுந்து நின்றுவிட்டேன். வண்டிகள் எதிர்ப்பக்கம் திரும்பின.

பெருமாள் சாமுவேலிடம் சாவியைக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தான். “உன் வேலைய அவரு குறை சொல்லலண்ணா. கோதண்டம் கெட்டிக்காரன்தான்றாரு. ஆனா டீக்கடைல எல்லாம் அவர ஜரிகை ஃபியூஸுன்றாங்க. எப்புடி உன் வாசல்ல வந்து நிப்பாரு? அந்தப் பையன் அன்னிக்கே பாத்துகினு, ஒத்தருகிட்டயும் வாயத் தொறக்கலயே.”

பழுதைக் கண்டுபிடித்தவன் நான். வண்டி போனது அவனுக்கு. இதற்கு மேல் ஒருவன் எப்படிப் பொறாமைப்படாமல் இருப்பது?

தீபாவளி கழித்து ஒரு மத்தியானம் சாமுவேல் ரோட்டைத் தாண்டி என் கடைக்கு வந்தான். அத்தனை நாளில் அதுதான் முதல் தரம். ஸ்டூலில் உட்காரச் சொல்லவில்லை. அவனே உட்கார்ந்தான்.

“அந்த ஜரிகைய நான் உங்க கைவேலைன்னு நெனச்சிட்டேண்ணா. அவசரத்துக்குச் சுத்தியிருப்பீங்க, அத ஏன் வெளில சொல்லணும்னு லூஸ் காண்டாக்டுன்னு சொல்லிட்டேன்.”

நான் ஜரிகை சுற்றுகிற ஆள் என்று இவ்வளவு மாதமும் எதிரே உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அப்படி நினைத்தும் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறான். எதற்குக் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவனுடைய நல்ல குணத்தைப் பார்த்தும் வயிறு எரிந்தது என்பதுதான் உண்மை.

“ஆனா ஷார்ட்டு எங்கன்னு எனக்குச் சிக்கவே இல்லண்ணா. ஆடில அந்த வண்டி வந்தப்பல்லாம் மீட்டர் வச்சிப் பாத்துட்டேன். ஆணின்னு பெருமாளு சொல்றான். எந்த ஆணி, எப்புடி புடிச்சீங்கன்னு அவனுக்குச் சொல்லத் தெரில. அதையே நெனச்சிகினு கீறேன்.”

நான் எதிரே நின்ற புது வேன்களைப் பார்த்தேன். இரண்டிலும் பலகை அடித்தாகிவிட்டது. அதே கார்பெண்டர், அதே நீள ஆணி. நான் வாயை மூடிக்கொண்டால் போதும். தை முகூர்த்தத்துக்கு லோடு ஏறும், லைட்டு போகும், காலி வண்டியில் இவன் மீட்டர் எவ்வளவு கத்தினாலும் ஒன்றும் அகப்படாது. ஏகாம்பரத்துக்குக் கூச்சம் போய், தானாக இந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவார். எனக்கு இது நன்றாகத் தெரிந்தது.

“டீ சொல்லு” என்றேன். சொன்னான். வந்தது. மெதுவாக முழுசும் குடித்தேன்.

பிறகு சொல்லிவிட்டேன். ஹெட்லைட் பல்பு, குதித்து இறங்கிய ஆள், நூல் மூட்டை, ஆணி, ஒன்றுவிடாமல். புது வண்டிகளிலும் ஆணியைப் பார்த்து வெட்டிவிடு என்றும் சொன்னேன். நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த வேலையின் அருமை சரசுவுக்குத் தெரியாது, டீக்கடைக்குத் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. தெரிந்தவன் அந்த ஊரில் இவன் ஒருவன்தான். இவனிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லி நான் பெருமைப்பட்டுக்கொள்வது?

தம்பிகளுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மின்னுகிறது என்று ஃபியூஸை நம்பாதீர்கள், இரண்டு முனையிலும் டெஸ்ட் லேம்ப் வையுங்கள். ஃபியூஸ் எரிந்தால் மாற்றுவதோடு நிற்காமல் எரித்தது எது என்று தேடுங்கள். வண்டி எந்த நிலையில் பழுதாகிறதோ அந்த நிலையில் கொண்டுவரச் சொல்லுங்கள். பழுதைக் கண்டுபிடிப்பது பாதி வேலை, வண்டிக்காரர் முகம் வாடாமல் அதைச் சொல்வது மீதி வேலை. அந்த மீதி எனக்குக் கடைசிவரை வரவில்லை, அதனால் பட்டு வண்டிகளும் திரும்பி வரவில்லை. லாரியும் டிராக்டரும் பார்த்தே நான் காலத்தை ஓட்டினேன்.

நான் சொன்னதையெல்லாம் சாமுவேல் கேட்டுக்கொண்டான். “லோடோட பாக்கணும்னு எனக்குத் தோணலயே” என்றான். ரோட்டைத் தாண்டப் போனவன் பாதியில் நின்று, திரும்பி என் டெஸ்ட் லேம்பைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. அவன் மீட்டரை நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.